நோயும் மருந்தும் பொருந்தும்போது

 

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களில், இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் அதிகம் கேட்டறியாத சொற்கள் இப்போது வருகின்றன. மருந்து பூசிய ஸ்டென்ட், திசு வால்வு, டார்கெட்டட் தெரபி, கார்-டி செல் என்று எழுதிக் கொண்டு வருகிறார்கள். எழுதியவருக்கும் அதன் பொருள் முழுமையாகத் தெரிவதில்லை. வாங்கிப் படிக்கும் எங்களுக்கும் முன்பு தெரிந்ததில்லை. தெரியாமல் இருந்ததால் ஒரு தவறு நடந்தது. அதைச் சொல்லிவிட்டே இந்தப் பாடத்தைத் தொடங்க விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்த ஒரு சகோதரிக்காக அவருடைய வீட்டார் அலுவலகத்துக்கு வந்தார்கள். வெளியூரில் உள்ள உறவுப் பெண் ஒருவருக்கு ஓர் ஊசி போட்டுக் குணமானது, விலை உயர்ந்த ஊசி, அதற்கு உதவ வேண்டும் என்று கேட்டார்கள். இரக்கப்பட்டு உடனே ஒப்புக்கொண்டோம். ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்புச் செய்தோம். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் செய்தி அனுப்பினோம். தொகை சேர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அதுவரை அவர்கள் எந்தச் சிகிச்சையையும் தொடங்காமல் ஊசிக்காகவே காத்திருந்தார்கள்.

பணத்தோடு பெரிய மருத்துவமனைக்குப் போனபோது, முதலில் எடுத்த திசுப் பரிசோதனை அறிக்கையை மருத்துவர் படித்தார். அந்த ஊசி இந்தச் சகோதரியின் நோய்க்குப் பொருந்தாது என்றார். இவருக்கு வேண்டியது அறுவை சிகிச்சை, வழக்கமான கீமோ, பிறகு பல ஆண்டுகள் சாப்பிட வேண்டிய ஒரு மாத்திரை. அந்த மாத்திரையின் மாதச் செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அறிக்கை முதல் நாளிலிருந்தே அவர்களுடைய பையில் இருந்தது. எங்களில் ஒருவரும் அதை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை.

அந்தச் சகோதரி இன்று நம்மிடையே இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த இரண்டு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லும் உரிமை எங்களுக்கில்லை. ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆனால் இரண்டு மாதம் வீணானது உண்மை. நல்ல எண்ணத்தோடுதான் வீணாக்கினோம். நல்ல எண்ணம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

நபிமொழியில் ஒரு சொல்

ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் அவர்கள் தமது ஸஹீஹில் பதிவு செய்துள்ள அறிவிப்பில் அத்தோடு ஒரு நிபந்தனையும் வருகிறது. நோய்க்குரிய மருந்து அந்த நோயைச் சென்று அடைந்தால் அல்லாஹ்வின் அனுமதியோடு குணமாகும் என்பது அதன் கருத்து.

'அடைந்தால்' என்பதற்கு அங்கே வரும் அரபுச் சொல்லின் வேர் 'அஸாப' என்பதாகும். எய்த அம்பு குறியில் போய்த் தைப்பதற்கும் அரபியில் இதே சொல்தான். நாம் அன்றாடம் சொல்லும் 'முஸீபத்' என்ற சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததே. ஒருவரை வந்து தாக்குவது முஸீபத். ஆக, மருந்து இருப்பது ஒன்று, அது நோயில் போய்த் தைப்பது வேறொன்று. இன்றைய மருத்துவர்கள் 'இலக்கு நோக்கிய சிகிச்சை' என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்தச் சொல் நினைவுக்கு வருகிறது. நவீன மருத்துவத்தை நபிமொழிக்குள் வலிந்து நுழைப்பது நம் நோக்கமல்ல. மருந்து நோயாளிக்குப் பொருந்த வேண்டும் என்ற ஒரே பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

வெள்ளி மூக்கும் தங்க மூக்கும்

மருந்தைப் போலவே, உடலுக்குள் வைக்கும் பொருளும் உடலுக்குப் பொருந்த வேண்டும். இதற்கும் நம் ஹதீஸ் நூல்களில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்ற நபித்தோழர், இஸ்லாத்துக்கு முந்திய காலத்தில் குலாப் என்ற போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். நாளடைவில் அதில் துர்நாற்றம் வந்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளுமாறு அவருக்குச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய நூல்களில் இது உள்ளது.

ஆண்களுக்குத் தங்கம் அணிவது ஹராம் என்பது தெரிந்ததே. ஆனாலும் சிகிச்சையின் தேவைக்காக அனுமதி கிடைத்தது. பொருளைப் பாருங்கள். வெள்ளி ஈரத்திலும் கந்தகச் சேர்மங்களிலும் பட்டுக் கறுத்துப்போகும். தங்கம் அப்படி எதனோடும் எளிதில் சேராது. உடலின் ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் மாறாது. இன்று மருத்துவப் பொருள் ஆய்வுக்கூடங்களில் முதலில் கேட்கப்படும் கேள்வியும் இதுதான்: இந்தப் பொருள் உடலுக்குள் போனால் துருப்பிடிக்குமா, தேயுமா, நஞ்சாகுமா, இரத்தத்தை உறைய வைக்குமா, உடல் இதை ஏற்குமா?

இதயக் குழாயில் ஒரு வலைக்குழல்

நம் ஊரில் பலருக்கு வைத்திருக்கும் ஸ்டென்டை எடுத்துக்கொள்வோம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்புப் படிந்து அடைப்பு ஏற்படுகிறது. 1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் என்ற மருத்துவர், மெல்லிய குழாயின் நுனியில் சிறு பலூனை வைத்து உள்ளே செலுத்தி, அதை ஊதி, இதயக் குழாயின் அடைப்பை விரித்தார். நெஞ்சைத் திறக்காமல் செய்த பெரிய காரியம் அது. ஆனால் விரித்த குழாய் பலருக்கு மீண்டும் சுருங்கியது. அதைத் தாங்கிப் பிடிக்க 1986-இல் உலோக வலைக்குழல் ஒன்று முதன்முதலாக மனித இதயக் குழாயில் வைக்கப்பட்டது. அதுவே ஸ்டென்ட்.

அதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. காயத்தை ஆற்ற முயலும் உடல், வலையின் கண்கள் வழியே சதையை அளவுக்கு மீறி வளர்த்தது. வெறும் உலோக ஸ்டென்ட் வைத்த நூறு பேரில் ஏறக்குறைய இருபது முதல் முப்பது பேருக்குக் குழாய் மீண்டும் குறுகியது. இதற்கு வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பசிபிக் கடலில் உள்ள ஈஸ்டர் தீவில் 1960-களில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரி சுரக்கும் பொருளுக்கு, செல்கள் பெருகுவதைத் தடுக்கும் ஆற்றல் இருப்பது தெரிந்தது. சிரோலிமஸ் என்பது அதன் பெயர். அதை ஸ்டென்டின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசி, சில வாரங்களில் சிறுகச் சிறுகக் கசியும்படி செய்தார்கள். 2002, 2003 ஆண்டுகளில் இவ்வகை ஸ்டென்ட் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. மீண்டும் சுருங்குவது வெகுவாகக் குறைந்தது. மருந்தை உடல் முழுவதும் அனுப்பாமல் வேண்டிய இடத்தில் மட்டும் வைப்பதே இதன் சிறப்பு.

இங்கேதான் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. சதை வளர்வதைத் தடுக்கும் அதே மருந்து, உலோகத்தின் மேல் குழாயின் உட்தோல் படர்வதையும் தாமதப்படுத்துகிறது. அது மூடும்வரை உலோகம் இரத்தத்தில் படும். இரத்தம் அங்கே உறைந்து குழாயைத் திடீரென அடைத்துவிடலாம். அதைத் தடுக்கவே ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்து, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தருகிறார்கள். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு வழக்கமாக ஒரு வருடம். அதன் பிறகும் ஒரு மாத்திரை தொடரும்.

"நெஞ்சுவலிதான் போய்விட்டதே" என்று மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்தியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ரமளானில் நோன்புக்காக நிறுத்தியவர்களும் உண்டு. பல் பிடுங்கப் போன இடத்தில் தாமாகவே நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். ரமளானுக்கு முன்பே இதய மருத்துவரைப் பாருங்கள். நோன்பு வைக்கும் உடல்நிலை இருந்தால், மாத்திரையை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்றித் தருவார். அந்த உடல்நிலை இல்லையென்றால், நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை ஏற்றுக்கொள்வதும் வணக்கமே.

இன்னொன்று. புதியது எல்லாமே மேலானது என்று எண்ண வேண்டாம். சில ஆண்டுகளில் தானாகக் கரைந்து மறையும் ஸ்டென்ட் ஒன்று பெரும் எதிர்பார்ப்போடு வந்தது. வைத்தவர்களில் இரத்தம் உறைவது உலோக ஸ்டென்டை விட அதிகமாகக் காணப்பட்டதால் 2017-இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அதே 2017 பிப்ரவரியில் நம் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ரூ. 29,600 என்றும், வெறும் உலோக ஸ்டென்டுக்கு ரூ. 7,260 என்றும் வரி நீங்கலாக உச்ச விலை வைத்தது. அதற்கு முன் லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்கள் நம்மில் பலர். விலை உச்சவரம்பு அவ்வப்போது மாற்றி அமைக்கப்படுகிறது. ஆகவே பில்லில் ஸ்டென்டின் விலை தனியாகக் காட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்காவது முயற்சியில் வந்த வால்வு

அடுத்தது இதய வால்வு. சிறு பிள்ளைகளுக்கு வரும் ஒருவகைத் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்து, பிறகு இதய வால்வுகளும் கெடுகின்றன. ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். வறுமையும் நெரிசலும் உள்ள வீடுகளில் இது அதிகம். கெட்ட வால்வை மாற்ற வெளிநாட்டு வால்வுதான் கதி என்ற நிலை நம் நாட்டில் நெடுநாள் இருந்தது.

திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் ஒரு குழு, நம் மக்களுக்குக் கட்டுப்படியாகும் வால்வைச் செய்ய முனைந்தது. இதய வால்வு ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூட வேண்டும். அதைத் தாங்கும் பொருள் எளிதில் கிடைக்கவில்லை. முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவதில், கோபால்ட் கலந்த உலோகக் கூட்டுக்குள் ஒருவகைக் கடினமான பிளாஸ்டிக் வட்டு சாய்ந்து திறந்து மூடும்படி அமைத்தார்கள். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பிறகு பல்லாயிரம் பேர் அந்த வால்வோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

இத்தகைய செயற்கை வால்வு நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும். குறித்த காலத்தில் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். அந்த மாத்திரை கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது என்பதால், திருமணமாகும் வயதுப் பெண்ணுக்கு வால்வு மாற்றுவதென்றால் இதைத் தயங்காமல் மருத்துவரிடம் பேச வேண்டும். மிருகத்தின் திசுவில் செய்த வால்வுக்கு வாழ்நாள் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் அது காலப்போக்கில் தேய்ந்து, இளம் வயதினருக்கு மீண்டும் அறுவை சிகிச்சை வேண்டியதாகலாம். எது நல்லது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. யாருக்கு என்பதைப் பொறுத்தது.

வால்வு வைத்துக்கொண்டவர் நாட்டு மருந்தோ கருஞ்சீரகமோ சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியை நாம் கண்ணியப்படுத்துகிறோம். இரத்த மாத்திரையின் அளவு அதனால் மாறிவிடக்கூடாது என்பதற்காகவே இந்த எச்சரிக்கை.

பன்றியிலிருந்து வந்ததென்றால்?

எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. திசு வால்வுகளில் சில பன்றியின் வால்விலிருந்தும், சில மாட்டின் இதய உறையிலிருந்தும் செய்யப்படுகின்றன. மாட்டு உறையில் செய்தது கிடைக்கும்போது அதைக் கேட்டு வாங்கலாம். அறுவைக்கு முன்பே சொன்னால் மருத்துவர்கள் ஏற்பாடு செய்வார்கள். மாரடைப்பின்போதும் அறுவை சிகிச்சையின்போதும் தரும் ஹெப்பாரின் ஊசி பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. உயிர் போகும் நேரத்தில் அதை மறுத்து நிற்பது மார்க்கம் கேட்பதல்ல.

இது புதிய தீர்ப்பும் அல்ல. ஒடிந்த எலும்பை இணைக்கச் சுத்தமான பொருள் கிடைக்காமல் அசுத்தமானதைப் பயன்படுத்தியவர் மன்னிக்கப்பட்டவர் என்று, ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். நம் மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படும் ஷாஃபிஈ நூல் அது. மாற்று இருந்தால் மாற்றை நாட வேண்டும், இல்லாதபோது நிர்ப்பந்தம் வழிவிடும் என்பதே அடிப்படை. தனிப்பட்ட நிலைக்கு உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கப் போகும்போது மருத்துவர் எழுதியதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மாற்று தேடினால் கிடைக்கும் என்பதற்கு இன்சுலினே சான்று. முன்பு பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1982-இல் நுண்ணுயிரியின் உதவியோடு மனித இன்சுலினையே செய்யும் முறை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இப்போது நம் கடைகளில் வாங்கும் இன்சுலின் இந்த வழியில் வந்ததே. "இன்சுலின் ஹராமாமே" என்று தயங்கும் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரே குறியில் தைத்த மாத்திரை

இனி புற்றுநோய்க்கு வருவோம். வழக்கமான கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் எந்தச் செல்லையும் தாக்கும். அதனால்தான் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது. புற்றுச் செல்லில் மட்டும் உள்ள ஒரு கோளாற்றைக் கண்டுபிடித்து அதையே தாக்கினால் என்ன என்ற எண்ணத்திலிருந்து இலக்கு நோக்கிய சிகிச்சை பிறந்தது.

இதில் முதன்மையான எடுத்துக்காட்டு, சி.எம்.எல். எனப்படும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய். 1960-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் இரண்டு ஆய்வாளர்கள், இந்நோயாளிகளின் இரத்தச் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். 1973-இல் ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர் காரணத்தைக் கண்டறிந்தார். ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் தத்தம் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டிலிருந்து ஒரு தவறான புரதம் உருவாகி, மூட முடியாத குழாயைப் போல 'பெருகு, பெருகு' என்று செல்லுக்கு ஓயாமல் கட்டளையிடுகிறது.

அந்தப் புரதத்தின் ஒரு சிறு பள்ளத்தில் போய்ப் பொருந்தி அதை முடக்கும் இமாடினிப் என்ற மருந்து 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வீட்டிலேயே நாள்தோறும் சாப்பிடும் மாத்திரை. இதைத் தொடக்க நிலையில் எடுத்துக்கொண்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன் இந்நோய் சில ஆண்டுகளில் முடிந்துவிடும் நோயாக இருந்தது.

விலைதான் தடையாக நின்றது. நிறுவனத்தின் மாத்திரை நம் நாட்டில் மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய். உள்நாட்டில் தயாரித்தது சுமார் எட்டாயிரம் ரூபாய். நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. உள்நாட்டுத் தயாரிப்பு தடையின்றித் தொடர்ந்தது. கண்டுபிடிப்பு ஏழையின் வீடு வரை வர, ஆய்வுக்கூடம் மட்டுமல்ல நீதியும் வேண்டியிருக்கிறது.

இந்த மாத்திரையிலும் கவனம் வேண்டும். மாதத்தில் மூன்று நான்கு நாள் விடுபட்டாலே பலன் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் மருத்துவர் கண்காணிப்போடு நிறுத்திப் பார்ப்பதுண்டு. நாமாக நிறுத்தக் கூடாது.

மார்பகப் புற்றுநோய்: பெயர் ஒன்று, நோய் பல

தொடக்கத்தில் சொன்ன சகோதரியின் நிலையை இப்போது புரிந்துகொள்ளலாம். நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகத்தில்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே வகைகள் பல. நூறு பேரில் ஏறக்குறைய பதினைந்து முதல் இருபது பேருக்கு, ஹெர்-2 என்ற புரதம் புற்றுச் செல்லின் மேற்பரப்பில் அளவுக்கு மீறி முளைத்திருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளும் ட்ராஸ்டுசுமாப் என்ற ஊசி 1998-இல் அமெரிக்காவில் வந்தது. அதே வகையைச் சேர்ந்த உள்நாட்டுத் தயாரிப்பு நம் நாட்டில் 2014 முதல் கிடைக்கிறது. அந்த உறவுப் பெண்ணைக் குணப்படுத்திய ஊசி இந்த வகைதான். ஹெர்-2 மிகுதியாக இல்லாத நோயில் அதற்குப் பிடித்துக்கொள்ள இடமே இல்லை. குறியே இல்லாத இடத்தில் எய்த அம்பு அது.

பாதிக்கு மேற்பட்ட மார்பகப் புற்றுநோய்கள் ஹார்மோனைச் சார்ந்து வளர்பவை. அவற்றுக்கு டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை. ஹார்மோன் போய் அமரும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். இதுவும் இலக்கு நோக்கிய மருந்துதான், பல பத்தாண்டுகளாக உள்ளது, விலையும் மலிவு. 'டார்கெட்டட்' என்றாலே லட்சக்கணக்கில் செலவு என்று எண்ணி மலைக்கவும் வேண்டாம், மலிவான மாத்திரையைக் குறைவாக எண்ணவும் வேண்டாம்.

நம் பெண்களிடம் ஒரு வார்த்தை. மார்பில் கட்டி தென்பட்டால் வெட்கத்தால் மறைக்காதீர்கள். வலி இல்லாத கட்டிதானே என்று விடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. பெண் மருத்துவரிடம் காட்டலாம். பெண் மருத்துவர் கிடைக்காத இடத்தில் தேவைக்கேற்ப ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு. கணவர்மாரும் மகன்மாரும் இதைத் தாங்களே முன்வந்து சொல்ல வேண்டும். வீட்டுப் பெண் கேட்டு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள்

"புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், எல்லோருக்கும் பகிருங்கள்" என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் உண்மையின் துண்டு இருக்கலாம். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்த முயற்சியில் உருவான நெக்ஸ்கார்-19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் இரத்தத்திலிருந்து பாதுகாப்புச் செல்களை எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும்படி ஆய்வுக்கூடத்தில் மாற்றி, அவருக்கே திருப்பி ஏற்றும் முறை. அமெரிக்காவில் கோடிகளில் ஆகும் சிகிச்சை இங்கே சில பத்து லட்சங்களில் கிடைப்பது நாட்டுக்குப் பெருமை. ஆனால் அது பி-செல் வகை இரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று ஆகிய சிலவற்றுக்கு, அதுவும் மற்ற சிகிச்சைகள் பலிக்காதபோது தருவது. நுரையீரல் புற்றோ வயிற்றுப் புற்றோ உள்ளவர் அதற்காக வீட்டை விற்கக் கூடாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நோயின் சரியான பெயர் என்ன, எந்த வகை, எந்த நிலை? எழுதி வாங்குங்கள்.

2. திசுப் பரிசோதனை அறிக்கை எங்கே? இந்த மருந்துக்கான குறி அதில் இருக்கிறதா? பரிசோதனை இன்னும் செய்யவில்லையென்றால் முதலில் அதைச் செய்ய வேண்டுமா?

3. இந்தச் சிகிச்சையால் நோய் குணமாகுமா, கட்டுப்படுமா, வேதனை மட்டும் குறையுமா?

4. எத்தனை நாள், எத்தனை மாதம், எத்தனை ஆண்டு? நிறுத்தினால் என்ன ஆகும்?

5. இதே மருந்து உள்நாட்டுத் தயாரிப்பில் கிடைக்குமா? அரசு மருத்துவமனையில் கிடைக்குமா?

6. பணம் சேரும்வரை இப்போதே தொடங்கக்கூடிய சிகிச்சை எது?

ஆறாவது கேள்வியை நாங்கள் அந்தச் சகோதரியிடமிருந்து கற்றோம்.

தமிழகத்தில் ஆண்டு வருமானம் ரூ. 1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. நோய் வந்த பிறகு அலையாமல், குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு இப்போதே பதிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு நம் அலுவலகத்தில் எழுதித் தருகிறோம்.

இனி நம் அறக்கட்டளையின் நடைமுறை. மருத்துவ உதவி கேட்டு வருபவர்கள் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால்தான் தொகை என்று இதை யாரும் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிக்கை இல்லாமல் வருபவரோடு மருத்துவமனைக்குப் போய் அதைப் பெற்றுத் தர எங்களில் ஒருவர் துணைக்கு வருவார். ஜகாத் தரும் செல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெரிய ஊசிக்கு அள்ளித் தருகிறீர்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஏழை நோயாளிகளின் மாதாந்திர மாத்திரைக்கும், ஐ.என்.ஆர். பரிசோதனைக்கும், மருத்துவமனைக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் சேர்த்துத் தாருங்கள். உயிர்கள் பல நேரம் அங்கேதான் தவறிப்போகின்றன.

மருந்தைத் தேடுவது நம் கடமை. அது நோயில் சென்று தைக்கும்படி அறிவோடு தேடுவதும் நம் கடமையைச் சேர்ந்ததே. குணமளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. நம் நோயாளிகள் அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவைத் தருவானாக, நம் தவறுகளைப் பொறுத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்